உரிமையாளர் ஒப்புக்கொண்டார்

"இருபத்திரண்டு வருஷமா சுவர் எழுப்புறேன். நான் என்ன வேடிக்கை பாக்க வந்தவனா?"

மேஸ்திரி போனை மேசைமேல் வைத்த வேகத்தில் லேப்டாப் விசைகளுக்கு நடுவிலிருந்து சிமென்ட் தூசி கிளம்பியது. போனில் 'நீங்கள்: பார்வையாளர்' என்று இருந்தது.

சூப்பர்வைசர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தான். "அது உங்களைச் சொல்ற வார்த்தை இல்ல மேஸ்திரி. அந்த ஆப்புல வெச்சிருக்கிற பேரு. எல்லாத்தையும் பாக்கலாம், எதையும் மாத்த முடியாது. அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். எனக்குச் சட்டி தூக்குன பய நீ. நீ மாத்துவ, நான் பாக்கணும்."

சட்டி தூக்கியது உண்மைதான். ஏழு வருடம் இந்த மேஸ்திரிக்குத்தான் சாந்து சுமந்தான். உச்சந்தலையில் முடி வளராத வட்டம் ஒன்று அதற்குச் சாட்சியாக இன்னும் இருக்கிறது. தலைக்கவசம் கழற்றினால் தெரியும் என்பதால், அதை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

கட்டடத்தின் மொத்த வேலையையும் ஒரு ஆப்பில் ஏற்ற வேண்டும் என்பது முதலாளியின் புது ஆசை. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அனுமதி தரலாம் என்று பிரித்து வைக்கும் வேலை சூப்பர்வைசருக்கு. மூன்றாம் மாடித் தளத்துக்கு இன்றைக்குக் கான்கிரீட் போட வேண்டும். ஆப்பில் பச்சை டிக் விழுந்தால்தான் கான்கிரீட் பிளான்ட் லாரியை அனுப்பும். ஐந்து மணிக்கு மேல் அங்கே லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

"இன்னைக்குத் தளம் போடலன்னா, சட்டி எங்க கவுத்து வெச்சிருக்குன்னு உனக்கே தெரியும்," என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவர்.

ஆப்பைப் போன வாரம் அவர்தான் தொடங்கிவைத்தார். செங்கல் நனைக்கும் தொட்டியின் ஓரத்தில் நின்று, ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, "இனிமே எல்லாம் இதுக்குள்ளதான்," என்று போனைத் தூக்கிக் காட்டினார். போன் தொட்டிக்குள் போனது. ஆட்களுக்குத் தண்ணீர் சுமக்கும் தண்ணியக்காதான் இடுப்பளவு இறங்கித் தேடி எடுத்தாள். போன் செத்துவிட்டது. முதலாளி விடாக்கண்டர். அன்றைக்கே எப்படியோ ஆப்பைத் திறந்து முடித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

நேற்று சூப்பர்வைசருக்கு ஆப்பில் ஒரு செய்தி வந்தது. 'உரிமையாளர் உங்களை நிர்வாகியாக நியமித்துள்ளார்.' அவன் அதை மனைவியிடம் காட்டினான்.

"நிர்வாகின்னா மின்விசிறி போட்டுக் குடுப்பாங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப எதுக்கு இப்படிச் சிரிக்கிற?"

அவளுக்கு என்ன தெரியும். முதலாளி கையாலேயே கிடைத்த பதவி.

இப்போது அந்த நிர்வாகி, மேஸ்திரிக்கு 'திருத்துபவர்' என்று மாற்றி அழுத்தினான். 'உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்றது திரை. மூலையில் குடத்திலிருந்து பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த தண்ணியக்காவின் போன் டிங் என்றது. அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இடுப்பில் செருகினாள். திரையில் 'உரிமையாளர் ஒப்புக்கொண்டார்' என்று வந்தது.

"பாத்தீங்களா மேஸ்திரி? முதலாளி நமக்காகப் போனும் கையுமா உக்காந்திருக்காரு."

மேஸ்திரி போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை. கம்பி கட்டுபவன் வந்தான். மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி.

"எங்க மாமா திருத்தலாம், நான் பாக்கணுமாண்ணே? அவருக்கு வீட்டுலயே அந்த உரிமை கிடையாது. எங்கக்காகிட்ட கேட்டுப் பாருங்க."

சூப்பர்வைசர் அவனையும் திருத்துபவன் ஆக்கினான். டிங். ஒப்புக்கொண்டார். எதற்கு வம்பு என்று பிளம்பரையும் சேர்த்துக்கொண்டான். டிங். ஒப்புக்கொண்டார்.

தப்பு அங்கேதான் நடந்தது.

மேஸ்திரி முதல் காரியமாக மச்சானின் வேலைக்குக் கீழே 'கோணல். அவிழ்த்து மறுபடி கட்டு' என்று எழுதினார். மச்சான் பதிலுக்கு 'கான்கிரீட் போடுதல்' என்பதைப் பிடித்து இழுத்து அடுத்த மாதத்தில் கொண்டுபோய் வைத்தான். மேலே இரண்டு பேரும் ஒரே பலகையில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், போனிலேயே அடித்துக்கொண்டார்கள். கீழே பிளம்பர், கட்டங்களில் டிக் போடுவது வருகைப்பதிவு என்று நினைத்து, மேலிருந்து கடைசி வரைக்கும் போட்டுக்கொண்டே போனான். கடைசிக் கட்டம் 'சாவி ஒப்படைத்தல்'.

சூப்பர்வைசரின் போன் அடித்தது. மூன்றாம் மாடி வீட்டை வாங்கியவர்.

"வீடு முடிஞ்சிடுச்சுன்னு செய்தி வந்துச்சு. ரொம்ப சந்தோஷம். கட்டில் பீரோவெல்லாம் ஏத்திட்டோம், கிளம்பட்டுமா?"

"சார், அதுக்கு இன்னும் கூரையே இல்ல."

"பரவாயில்ல, சின்னச் சின்ன வேலை பாக்கி இருந்தா அப்புறமாப் பாத்துக்கலாம்."

அவரை நிறுத்தி வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. கான்கிரீட்டை இன்றைய தேதிக்கு இழுத்து வைத்தான். பிளம்பரின் டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தான். எடுக்க எடுக்க அவன் போட்டான்.

"ஏய், டிக் போடாத."

"நான் காலையிலேருந்து இங்கதாண்ணே இருக்கேன். சும்மா போடல," என்றான் பிளம்பர் வெளியிலிருந்து.

இதற்கு ஒரே வழிதான். 'அனைவரும்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தான். 'பார்வையாளர்' என்று அழுத்தினான். டிங். ஒப்புக்கொண்டார். மேலே சண்டை நின்றது. டிக்குகள் நின்றன.

நிற்காதது தண்ணியக்காவின் போன்தான். காலையிலிருந்து அந்த டிங் சத்தம் அவன் மண்டைக்குள் ஆணி அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தப் போனை அணைச்சு வைங்க. இங்க முக்கியமான வேலை நடக்குதுல்ல."

"அணைச்சா, கேக்குறவங்களுக்கு யாரு தம்பி பதில் சொல்றது?"

"உங்க வீட்டுக் கதையெல்லாம் சாயங்காலம் பேசிக்கலாம். அணைங்க."

அவள் போனை அணைத்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேலே போனாள்.

அமைதியான அறையில் சூப்பர்வைசர் கான்கிரீட்டுக்குப் பச்சை டிக் போடப் போனான். விழவில்லை. இன்னொரு முறை அழுத்தினான். திரை மரியாதையாகச் சொன்னது: 'நீங்கள்: பார்வையாளர்.'

அனைவரும் என்றால் அவனும்தான்.

மணி மூன்று. 'நிர்வாகி உரிமை வேண்டும்' என்று கேட்டு அனுப்பினான். 'உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.' பத்து நொடி. ஒரு நிமிடம். பத்து நிமிடம். காலையில் அழுத்திய கையோடு சரி சொன்ன மனிதருக்கு இப்போது என்ன ஆயிற்று?

பிளான்டுக்குப் போன் போட்டான்.

"பச்சை டிக் வராம வண்டி நகராது. உங்க முதலாளி போட்ட சட்டம்," என்றார்கள்.

முதலாளிக்குப் போட்டான். "ஐயா, ஆப்புல நான் ஒரு உரிமை கேட்டிருக்கேன்…"

"அதுல கேட்டா அதுலயே கிடைக்கும். என்னை ஏன் கேக்குற?"

"இல்லைங்கய்யா, இன்னும் கிடைக்கல…"

"கேக்குற விதமாக் கேட்டிருக்க மாட்ட. அஞ்சு மணிக்கு வருவேன். லாரி நிக்கணும்." வைத்துவிட்டார்.

கேட்கிற விதம். அப்படியானால் மரியாதை போதவில்லை. கோரிக்கைக்குக் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் முறை 'ஐயா, தயவுசெய்து' என்று எழுதினான். மூன்றாவது முறை 'பெரிய மனது வைக்க வேண்டும்' என்று எழுதினான். ஏழாவதில் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பத்தாவதில் உச்சந்தலை வழுக்கையையும் எழுதினான். நாலரை மணிக்குப் பதினான்காவது முறையாக, 'நீங்கள்தான் எனக்குத் தெய்வம். உயிர் உள்ளவரை உங்கள் காலடியில் கிடப்பேன்' என்று எழுதி அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

மேஸ்திரி கதவில் சாய்ந்து நின்றார். "என்னப்பா, லாரி வருமா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் மேஸ்திரி."

"பாரு பாரு. நீயும் பார்வையாளர்தானாமே. மச்சான் சொன்னான்." கொஞ்சம் நின்று, குரலை இறக்கிக்கொண்டார். "பழைய சட்டி ஓட்டையாயிடுச்சு. நாளைக்கு வேற எடுத்து வெக்கிறேன்."

அவர் நக்கலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நாலு ஐம்பதுக்குத் திரை சிலிர்த்துக்கொண்டது. 'உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.' கீழே இன்னொன்று. இன்னொன்று. பதினான்கும் வரிசையாக விழுந்தன. அவன் பச்சை டிக்கை அழுத்தினான். பிளான்டிலிருந்து போன் வந்தது. "ஏத்துறோம். இருபது நிமிஷத்துல அங்க நிக்கும்."

லாரி வயிற்றைச் சுழற்றிக்கொண்டு வாசலில் திரும்பும்போது முதலாளியின் காரும் பின்னாலேயே வந்தது. மேலிருந்து மேஸ்திரியும் மச்சானும் ஒரே குரலில் டிரைவருக்கு வழி சொன்னார்கள். சூப்பர்வைசர் ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, இந்த உதவிய நான் மறக்கவே மாட்டேன்."

"என்ன உதவி?" என்றார் முதலாளி. லாரியை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறினார்.

செய்ததைச் சொல்லிக்காட்டாத மனிதர் என்று நினைத்து, அவர் போன திசையைப் பார்த்து அவன் கைகூப்பி நின்றான்.

வீட்டுக்குக் கிளம்பிய தண்ணியக்கா, காலிக் குடத்தோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மகளிடம் பேசுவதற்காகக் கொஞ்சம் முன்னால்தான் மறுபடி ஆன் செய்த போன் அவள் கையில் இருந்தது.

"அன்னைக்குத் தன் போன் தொட்டியில விழுந்ததும் முதலாளி இந்த ஆப்புக்கு என் நம்பரத்தான் தம்பி குடுத்தாரு, எது கேட்டாலும் சரின்னு அழுத்திடுன்னு, அணைக்கச் சொன்னதும் நீங்க, அப்புறம் காலடியில கிடக்குறேன்னு பதினாலு தடவ எனக்கு எழுதுனதும் நீங்க."