புழக்கடையில் ராக் கச்சேரி

முன் வரிசை இரும்பு நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. அதில் கம்பெனி மேனேஜர் ஹெக்டே. அவருக்கு வலப்புறம் அவர் மனைவி. இடப்புறம், பிறந்தநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கார நாராயணப்பனின் மனைவி நஞ்சம்மா. இரண்டாம் வரிசையில் வேலையாட்கள், மூன்றாம் வரிசையில் அவரவர் வீட்டுப் பெண்கள். மதில்மேல் மூக்கண்டப்பள்ளியின் பாதிப் பிள்ளைகள். கோழிக்கூண்டுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, மெஷின் வந்திறங்கிய பெட்டிப் பலகைகளால் போட்ட மேடையில், பெங்களூரிலிருந்து வந்த ஐந்து பையன்கள். தோள்வரை முடி, கையில் கிட்டார், பின்னால் ஆளுயர ஸ்பீக்கர்.

திம்மராயன் துணி துவைக்கிற கல்லின்மேல்.

நாற்காலி தீர்ந்துவிட்டது.

"என்னண்ணா, கல்லு சுடுதா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான் ராமப்பன். திம்மராயனுக்குக் கீழே வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் அவன். அவனுக்கு நாற்காலி கிடைத்திருந்தது.

சுடுவது கல் இல்லை, வயிறு என்று திம்மராயன் சொல்லவில்லை. "இங்கதான்டா காத்து நல்லா வருது," என்றான்.

கம்பெனியில் போர்மேன் வேலை காலியாகி இருந்தது. போட்டியில் மிச்சம் இருந்தது இரண்டே பேர்: பிரஸ் ஷாப் நாராயணப்பன், எலக்ட்ரிகல் திம்மராயன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். யாரைப் போடுவது என்று அந்த வாரம் முடிவு செய்யப்போகிறவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். திம்மராயன் தன் மகன் காதுகுத்துக்கு ஊத்தங்கரையிலிருந்து மைக் செட் வைத்தபோது இதே ஹெக்டே கேசரியை வாயில் போட்டுக்கொண்டு போனவர், உட்காரக்கூட இல்லை.

பையன்கள் ஆரம்பித்தார்கள். மோளக்காரப் பையன் அடித்த அடியில் கோழிகள் கூண்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. முருங்கைப் பூ உதிர்ந்தது. ஹெக்டே தலையை ஆட்டினார்.

"பஹள சென்னாகிதே, ரொம்ப நல்லாருக்கு நாராயணப்பா! ரொம்பப் பெரிய மனசு உனக்கு!"

நாராயணப்பன் கைகட்டி நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பெருமையில் வேர்க்கிறது என்று திம்மராயனுக்குப் பட்டது.

அதைவிட மோசம், மேனேஜர் மனைவி சரோஜம்மாளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டது. சரோஜம்மாள் திம்மராயனின் சொந்தப் பெண்டாட்டி. அவள் அங்கிருந்தே திரும்பி, "பாருங்க, நாராயணப்பண்ணன் எப்படிச் செஞ்சிருக்காருன்னு! நீங்களும் இருக்கீங்களே!" என்றாள். ஸ்பீக்கரை மீறி அது எல்லோர் காதிலும் விழுந்தது.

திம்மராயன் கல்லிலிருந்து இறங்கினான். குளியலறைச் சுவரில்தான் மீட்டர் பெட்டி. கை கழுவுகிறவன் மாதிரிப் போய், பியூஸ் கட்டையைப் பிடுங்கி ஜோபியில் போட்டுக்கொண்டான்.

பாட்டு நடுவில் நின்றது. கோழிகள் மட்டும் தொடர்ந்தன.

நாராயணப்பன் பதறவே இல்லை. "கரண்டு போயிடுச்சுங்களா? போனா போவட்டும் விடுங்க சார். இங்கெல்லாம் போனா வர நேரமாவும். பையனுங்க பாவம், வண்டி கட்டிக்கிட்டு பொழுதோட ஊரு போய்ச் சேரட்டும்," என்றான்.

போர்மேன் ஆகிவிட்டவன் பேசுகிற பேச்சு இது என்று திம்மராயன் பல்லைக் கடித்தான்.

ஆனால் ஹெக்டே எழுந்துவிட்டார். "அதெப்படி? நம்ம எலக்ட்ரிகல் ஆள் எங்கே? திம்மராயா!"

"திம்மராயண்ணா அந்தப் பக்கந்தான் போனாருங்க!" என்று ராமப்பன் எழுந்து நின்று கையைக் காட்டினான்.

வேறு வழியில்லை. ஜோபியிலிருந்த கட்டையை எடுத்து எடுத்த இடத்திலேயே மாட்டினான் திம்மராயன். ஸ்பீக்கர் உறுமியது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

"சபாஷ், நாராயணப்பா!" என்றார் ஹெக்டே. "பார்ட்டியிலேயே எலக்ட்ரீஷியனை ரெடியா வெச்சிருக்கே பாரு. இதுக்குப் பேர்தான் பிளானிங்!"

நாராயணப்பன் திம்மராயனை ஒரு பார்வை பார்த்தான். "ஏம்பா, அதுக்குள்ளேயா சரி பண்ணிட்டே?" என்றான்.

குத்திக் காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டான் திம்மராயன். சரிபண்ணியதற்குப் பலனாக, மறுபடி போனால் பார்த்துக்கொள்ள மீட்டர் பெட்டி பக்கத்திலேயே நிற்கும்படி உத்தரவும் ஆனது. இப்போது துவைக்கிற கல்லும் போய்விட்டது. அதில் யாரோ பாயசக் குண்டானை வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவனுக்கு கங்கப்பன் ஞாபகம் வந்தான். சொந்த ஊர்க்காரன், பம்பைக்காரன். அடுத்த தெரு மாரியம்மன் கோயிலுக்குக் கோஷ்டியோடு வந்திருந்தான். கங்கப்பன் பம்பை அடித்தால் சாமி வராதவனுக்கும் வரும். திம்மராயன் மதிலைத் தாண்டி ஓடினான்.

"கங்கப்பா, ஒரு ஒத்தாசை. பக்கத்துல ஒருத்தன் வீட்டுல அஞ்சு பசங்க கத்திக்கிட்டுக் கெடக்கறானுங்க. நீ மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு அடிக்கற அடியில, அவனுங்க சத்தம் அவனுங்களுக்கே கேக்கக்கூடாது."

"அடிச்சாப் போச்சுங்கண்ணா," என்றான் கங்கப்பன்.

அடித்தான். நாலு பம்பை, ஒரு உறுமி. மதில்மேல் இருந்த பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பின. மேடையில் கிட்டார் தடுமாறியது. திம்மராயனுக்கு அன்றைய தினத்தில் முதன்முறையாகப் பசித்தது.

திடீரென்று மோளக்காரப் பையன் குச்சியைத் தூக்கிக் காட்டி, "வாவ்! அவங்களை உள்ளே கூப்பிடுங்க!" என்று கத்தினான். பிள்ளைகள் கங்கப்பனைப் பம்பையோடு மதில் ஏற்றி இறக்கின. பையன் அடிக்க கங்கப்பன் பதில் அடிக்க, கிட்டார் பின்னாலேயே ஓடியது. நஞ்சம்மாவின் நாத்தனாருக்குச் சாமி வந்தது. பிரஸ் ஷாப் முழுக்க ஆடியது. ஹெக்டே கோட்டைக் கழற்றி மனைவி மடியில் போட்டுவிட்டு ஆடினார். சரோஜம்மாளும் ஆடினாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஆடத் தெரியும் என்றே அவனுக்குத் தெரியாது.

"ராக்கும் பம்பையும்!" ஹெக்டே மூச்சிரைக்க நாராயணப்பனைக் கட்டிக்கொண்டார். "பெங்களூர்லகூட எவனும் யோசிக்கலைப்பா! பசங்க இனிமே இங்கேயே வாசிக்கட்டும், உன்னை நான் மறக்கமாட்டேன்!"

"இல்லீங்க சார், நான் ஒண்ணும்..." என்று நாராயணப்பன் ஈனஸ்வரத்தில் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

அடக்கம் வேறு! திம்மராயனால் தாங்க முடியவில்லை. பாயசம்கூட வாங்காமல் வீட்டுக்குப் போனான்.

"அந்தப் பசங்க பாட்டுக்காரனுங்க இல்லடி, ஏணி," என்றான் சரோஜம்மாள் வந்ததும். "அதுல ஏறித்தான் அவன் போர்மேன் ஆவப்போறான்."

"அப்ப ஏணிய நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்களேன். நம்ம பொறக்கட அதவிடப் பெருசுதானே?"

சரோஜம்மாள் சொன்னதில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். அன்று ஒரு யோசனையும் இருந்தது.

ஹெக்டே தமிழ் பேசுவார், படிக்கமாட்டார். ஆகவே மறுநாள், திங்கட்கிழமை விடிந்ததும் திம்மராயன் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் அவன் படித்த ஒரே இங்கிலீஷ் கடிதம் லீவு கேட்கும் கடிதம்தான். அந்த அச்சிலேயே வார்த்தைகளை மாற்றிப் போட்டான். மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி இசைக்குழுவின் மீது எனக்குக் கடுமையான விருப்பம் கண்டிருப்பதால், அவர்களை என் வீட்டுப் புழக்கடையில் தங்கள் விருப்பம்போல், எத்தனை நாள் வேண்டுமானாலும் வாசிக்க அனுமதிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். கரண்டுக்கு நானே பொறுப்பு. சாப்பாட்டுக்கு என் மனைவி பொறுப்பு. ஒருக்காலும் பின்வாங்கமாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்.

கடைசி வரியின்கீழ் இரண்டு கோடு போட்டான். கவரை நாக்கால் நனைத்து ஒட்டி, போதாதென்று சோற்றுப் பருக்கையும் வைத்து அழுத்தினான்.

தெருமுனையில் மேனேஜரின் ஜீப் நின்றிருந்தது. டிரைவர் முனிவேல் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"முனிவேலு, இத மேனேஜர் கையிலயே குடுத்துடு. அந்த பெங்களூர்ப் பசங்க இனிமே நாராயணப்பன் வீட்டுல இல்ல, என் வீட்டுலதான். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நெசமாவாண்ணா? நீங்களாவா?"

"நானா மனசார."

முனிவேல் டீயைப் பாதியில் கீழே வைத்தான். கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டி, ஜீப்பைக் கிளப்பினான். நகர்ந்த பிறகுதான் தலையை வெளியே நீட்டினான்.

"மோளம் அடிக்கறது மேனேஜர் மகனுங்கண்ணா, காலேஜ் லீவு முடியறமட்டும் தெனமும் அடிப்பான், போர்மேன் வேலையே வேணாம் இவனுங்களக் கூட்டிட்டுப் போங்கன்னு நாராயணப்பண்ணன் நேத்தே கால்ல வுழுந்துட்டாரு!"