வயிறு சுருங்கிய மகான்

மனிதர்களில் பல வகை உண்டு. கூட்டத்தில் ஒலிவாங்கியை விடாதவர், கல்யாண வீட்டில் யாரும் கேட்காமலே பந்தியை மேற்பார்வையிடுகிறவர், எந்த நோயைச் சொன்னாலும் அது தனக்கு முன்பே வந்துவிட்டது என்று சாதிப்பவர் என்று எல்லோரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், பொறுத்தும் இருப்பீர்கள். கொஞ்ச காலமாக எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு புதிய வகை பெருகி வருகிறது. வயிறு சுருங்கிய மகான். இவர் ஒரு காலத்தில் இனிப்பு நீர்க்காரர், அதாவது சர்க்கரை நோயாளி. உடம்பைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்து இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டவர். இரைப்பை சிறிதான அதே வேகத்தில் வாய் பெரிதாகிவிட்டது என்பதை மட்டும் எந்த மருத்துவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் மலேசியாவில், தைப்பிங்கில், இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். பெயர் குணாளன். நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. அவரைப் பற்றி அவர் மனைவி விமலேஸ்வரிக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்பதால், நாமும் அவள் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வோம்.

மகான்கள் எல்லோருக்கும் பூர்வாசிரமம் ஒன்று இருக்கும் அல்லவா? குணாளனின் பூர்வாசிரமம் மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், கழிந்தது. உள்ளே நுழையும்போதே, கல்லாவில் இருப்பவர், தேநீர் ஆற்றுகிறவர், தெருவில் போகிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "தே தாரேக், குராங் மானிஸ்! சீனி கம்மி! டாக்டர் சொல்லிட்டாரு!" என்று கூவுவார். கூவிவிட்டு, அந்தத் தேநீர் வந்து சேரும்வரை சும்மா இருக்க முடியாமல் இரண்டு ரொட்டி சானாயைச் சீனியில் தொட்டுச் சாப்பிடுவார். கேட்டால் அதற்கொரு தத்துவம் வைத்திருந்தார். குடிப்பதுதான் இரத்தத்தில் கலக்கும், மெல்லுவது கலக்காது. நின்றுகொண்டு தின்றால் கணக்கில்லை. கோவிலில் தருகிற சர்க்கரைப் பொங்கலுக்கு முழுப் பொறுப்பும் முருகனுடையது. கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டால், பாயசம் பயந்துபோய்ச் சும்மா இருக்கும்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்கினால் மட்டும் வீட்டில் பாகற்காய் வாசம் வரும். மூன்று நாள் விரதம். பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகத்தைத் திறக்கிற பையன் மாதிரி. அன்றைய காலைச் சீனி அடக்கமாகக் காட்டும். ஆனால் மூன்று மாதத்துச் சீனியை மொத்தமாகக் காட்டிக்கொடுக்கிற இன்னொரு இரத்தப் பரிசோதனை இருக்கிறதே, அது இவரையே மிஞ்சியது.

"அங்கிள், இன்னிக்கி சீனி நல்லாதான் இருக்கு. மூணு மாசத்துக்குப் பாத்தாதான் ரொம்ப மோசமா இருக்கு," என்றாள் மிஸ்ஸி. எங்கள் ஊரில் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இன்னிக்கி வந்திருக்கிறது நான். என்னயப் பத்திப் பேசும்மா. போன மூணு மாசத்த ஏன் இழுக்குற?"

வீட்டில் பலகார டப்பாவை விமலேஸ்வரி துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒளித்து வைத்தாள். அதுவரை ஒரு கைக்குட்டைகூடத் துவைத்திராத மனிதர், அன்று தானே துணி துவைக்கப் போவதாக எழுந்தார். ஊசியும் அவள்தான் போட வேண்டும். ஊசியைக் கண்டால் அவருக்கு மயக்கம் வரும். குலாப் ஜாமூனைக் கண்டால் தெளியும்.

ஒருநாள் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நெரிசலில் சுற்றிவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றவரின் ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு காலில் இல்லை. எங்கே விட்டார், எப்போது விட்டார்? அவருக்குத் தெரியவில்லை. கல்லிலும் மழைத் தண்ணீரிலும் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், கால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமலேஸ்வரி முதலில் சிரித்தாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படியாகவே சிரித்தாள். பிறகு அந்தப் பாதத்தைத் துடைக்கும்போது உள்ளங்காலில் ஏறியிருந்த ஆணியைப் பார்த்தாள். இந்த மனுஷனை இழந்துவிடுவோம் என்று அவளுக்கு அன்றுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். அரசாங்க மருத்துவமனையில் நிபுணர் ஒருவர், உடம்பு இறங்கினால்தான் சீனி இறங்கும் என்றார். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து வைத்தார்கள். கண் விழித்ததும் குணாளன் கேட்ட முதல் கேள்வி, "வெட்டுனத வீட்டுக்குக் குடுப்பாங்களா?"

உடம்பு மளமளவென்று இறங்கியது. ஊசி நின்றது. மாத்திரையும் நின்றது. "நோய் அடங்கியிருக்கு அங்கிள், ஓடிப் போயிடல. வருசா வருசம் வந்து காட்டணும்," என்றார் டாக்டர். குணாளன் ஊருக்கு அறிவித்தது இதில் பாதியைத்தான்.

அன்றைக்குப் பிறந்தவர்தான் நம்முடைய மகான்.

அவருடைய பழைய காற்சட்டை ஒன்று எப்போதும் காடியின், அதாவது காரின், பின்பெட்டியில் கிடக்கும். கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார். ஒரு புதுமனை புகுவிழாவில் அதன் ஒரு கால் பக்கத்தில் தான் இறங்கி நின்றுகொண்டு, இன்னொரு பக்கத்தில் வீட்டுக்காரரை இறங்கச் சொன்னார். மரியாதைக்கு இறங்கினார் அவரும். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் ஒன்றாகவே விழுந்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் சட்டைப்பையிலிருந்து குழந்தைக்குச் சோறூட்டுகிற ஒரு பிளாஸ்டிக் கரண்டி வரும். முதலில் முட்டை, பிறகு மீன், பிறகு காய், இடமிருந்தால் சோறு. இடம் ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு வாயை அவர் மென்று முடிப்பதற்குள் நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிடலாம். ஆனால் சாப்பிட விடுவாரா?

"தம்பி, அது சோறில்ல. சீனி. சோறு மாதிரி வேசம் போட்டுருக்கு."

அவருடைய பழைய கூட்டாளி முனியாண்டி, பேருந்து ஓட்டுநர், எதிரே தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் போதும். "முனியாண்டி, இப்படியே போனா ஒரு நாளு காலு போயிடும்டா!"

"காலு போறதுக்கு முன்னாடி நானே எந்திரிச்சிப் போயிடுறேண்ணே," என்று பொட்டலத்தோடு அடுத்த மேசைக்குப் போய்விடுவார் அவர்.

சாவு வீட்டிலாவது விட்டுவைத்தாரா? இறந்தவருக்கு மாலை போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த மனைவியிடம் குனிந்து துக்கமாகக் கேட்டார்: "கடைசியா பாத்தப்ப சீனி எவ்ளோ இருந்திச்சி?"

இதெல்லாம் வெளியே நடந்தது. வீட்டுக்குள் நடந்ததை நீங்களும் நானும் விமலேஸ்வரியும் மட்டும்தான் பார்த்தோம்.

மகானுக்குச் சின்னத் தட்டில் சாப்பிடுவது கௌரவக் குறைவு. "கண்ணு நெறையணும்லா! கொஞ்சூண்டு வெச்சா நோயாளிக்கு வெச்ச மாதிரி இருக்கு," என்பார். ஆகவே பழையபடி பெரிய தட்டு, பழையபடி சோறு, குழம்பு, பொரியல், மீன். பிளாஸ்டிக் கரண்டியால் அதில் நான்கு இடத்தில் கிள்ளிவிட்டு, தட்டை மேசையின் அந்தப் பக்கம் தள்ளுவார். "போதும். இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு."

அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? விமலேஸ்வரி இருந்தாள். ஒரு பருக்கை சோற்றைக் குப்பையில் கொட்டினால் தூக்கம் வராத குடும்பத்தில் பிறந்தவள். அவருடைய மிச்சத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு, வடித்த சோறு வீணாகக் கூடாதே என்று தன் பங்கையும் சாப்பிடுவாள். காலையில் அவருடைய மிச்ச இட்லி, மதியம் மிச்சச் சோறு, இரவு மிச்சச் சப்பாத்தி. அவரிடமிருந்து இறங்கிய எடை வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. மேசையைத் தாண்டி எதிர் நாற்காலியில் ஏறிக்கொண்டது.

ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தாள். பிறகு தாகம் வந்தது. குடிக்கக் குடிக்க அடங்காத தாகம். கண் மங்கியது. தைப்பிங்கில் பெய்கிற மழைக்கு வெயிலைக் குறை சொல்லவும் வழியில்லை. இவ்வளவு வருடம் ஒரு நோயாளியைக் கட்டிக் காத்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் பயந்தாள். ஆனால் அந்த வீட்டில் நோய் என்பது ஒரே ஒருவரின் சொத்து. அதையும் அவர் வென்றுவிட்டார். இப்போது போய் எனக்கும் என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் சொல்லியும் பார்த்தாள். "என்னங்க, எனக்கு ரொம்பத் தாகமாவே இருக்கு."

"நல்லது. தண்ணி குடி. பாதிப் பேரு தாகத்தப் போயி பசின்னு நெனைச்சிக்கிறான். நேத்துகூட ஆபீஸ்ல இததான் பேசுனேன்."

"அந்தச் சீனி பாக்குற மிசின் எங்கங்க?"

"அது பொதுமக்களுக்கு. காடில வெச்சிருக்கேன்."

பொதுமக்களுக்கு அது தீபாவளியன்று பயன்பட்டது. வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். உள்ளே அதிரசம், நெய் உருண்டை, முறுக்கு, ஆட்டிறைச்சிப் பிரட்டல். வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டுக் குணாளன் உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி (அடுத்தவர் விரலுக்கு என்றால் மயக்கம் வராது), முன்னால் சீனி பார்க்கும் கருவி. விரலைக் குத்தாமல் யாரும் உள்ளே போக முடியாது. எங்கள் ஊர் அளவில் ஏழுக்குக் கீழே காட்டினால் ஒரு அதிரசம். பத்துவரை முறுக்கு மட்டும். பத்துக்கு மேலே போனவர்களுக்கு வெள்ளரிக்காய். அளவை அவர் இரகசியமாகவும் வைத்துக்கொள்ளவில்லை, பெயர் சொல்லிக் கூவினார்.

"குணா, நான் நெய் உருண்டை திங்க வந்தேன்யா, ரத்ததானம் பண்ண வரல," என்றார் பக்கத்து வீட்டு லியோங், விரலைச் சூப்பிக்கொண்டே.

"பெருநாளைக்கு டோல்லயே காசு வாங்காம விடுறான். உங்க வீட்டுல மட்டும்தான் பாங் இப்படி," என்றாள் அண்ணனைப் 'பாங்' என்றே கூப்பிடுகிற எதிர்வீட்டு மலாய்க்காரி சைத்தோன். முனியாண்டி பின்கதவு வழியாக வந்து சமையலறையில் நின்றபடியே மூன்றாவது உருண்டையை முடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சேர்ந்ததும் மகானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இங்க பாருங்க. ஒரு மனுசன் திருந்துனா வீடே எப்படித் திருந்தும்னு காட்டுறேன். விமலா! இங்க வா!"

"வேணாங்க, கையில வேல இருக்கு."

"வெக்கப்படாத, வாலா!"

தட்டோடு வந்து நின்றவளின் விரலை இழுத்துக் குத்தினார். சபையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கருவியைப் பார்த்தார். பதினேழு.

"மிசின் கெட்டுப்போச்சி," என்றார். "இல்ல, உருண்டை புடிச்ச கை. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா." அவள் கழுவிவிட்டு வந்தாள். வேறு விரல். பதினேழரை. சைத்தோன் தன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னாத்தத் திங்கிற நீ?" திருடியைப் பிடித்த குரலில் கேட்டார் குணாளன். "எனக்குத் தெரியாம என்னாத்தத் திங்கிற?"

"நீங்க தள்ளி விடுறதத்தான்," என்றாள் விமலேஸ்வரி.

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்த வாய் திறந்தபடியே நின்றது. முதல்முறையாக அந்த வாயிலிருந்து அறிவுரை வராததைப் பார்த்து, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த முனியாண்டிக்கே பயமாகிவிட்டது. "அண்ணே, உக்காருங்கண்ணே," என்று நாற்காலியைத் தள்ளினார்.

விடுமுறை முடிந்ததும் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். எண் கூப்பிடுகிறவரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பையிலிருந்து, கறி அடைத்துப் பொரித்த கறிப்பப்பை எடுத்துக் கடித்தார். குணாளனின் உடம்பு தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது, விரல் நீண்டது, "அண்ணே, அது கறிப்பப்பு இல்ல" என்று வாக்கியமும் பாதி வெளியே வந்துவிட்டது.

விமலேஸ்வரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருங்க. இன்னிக்கி நான்தான் நோயாளி. எனக்குப் பயமா இருக்கு. என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காருங்க."

பிடித்துக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். அந்த ஆளுக்கு இதை அவசியம் படித்துக் காட்ட வேண்டும், நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும் என்று கை துறுதுறுக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் இருக்கிறாரே, அவர் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார்? தெரியவில்லையா? போய்க் கேளுங்கள். சமையலறையில்தான் இருப்பார்.