மைக்கண்ணன் மாற்றிய கிளைமாக்ஸ்

உலகத்து டைரக்டர்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்து ஒரே ஒரு மனிதர் மேல் கேஸ் போடுவதாக இருந்தால், அது எங்கள் மைக்கண்ணன் மேல்தான் போட்டிருக்க வேண்டும். ஹாலிவுட்டின் பழைய ஜாம்பவான்கள் ஊண் உறக்கம் இல்லாமல் எடுத்த படங்களை, குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வாரா வாரம் கொலை செய்தவர் அவர். நான் அப்போது அந்த எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். எல்லாக் கொலைகளுக்கும் நேரடி சாட்சி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பச்சை இலை விலை படுத்தே போய்விட்ட வருஷங்கள் அவை. ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வீட்டுக்கு ஒருவராகத் திருப்பூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். கேபிள்காரர்கூட ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலமானால் ஜனங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று மானேஜரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை கொடுக்க முடியாத மானேஜர், யோசித்துப் பார்த்துப் படம் கொடுத்தார். துரைமார் காலத்துக் கிளப்பில் ஒரு பழைய புரொஜெக்டரும் ஒரு தகரப்பெட்டி நிறைய ரீல்களும் கிடந்தன. ஐந்து படம். ஐந்தும் இங்கிலீஷ், ஐந்தும் கறுப்பு வெள்ளை.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஊட்டியில், பெர்ன்ஹில்லில் மாமா வீட்டில் தங்கிப் படித்த நாட்களில் நான் காலேஜுக்குப் போனதைவிட இங்கிலீஷ் படத்துக்குப் போனதுதான் அதிகம். குதிரை மேல் சும்மா உட்கார்ந்தாலே பாதி வசனம் பேசிவிடுகிற நெட்டை நடிகர், ஒற்றைப் புருவத்தைத் தூக்கியே கதாநாயகனைக் கவிழ்க்கும் நடிகை, சுவரில் ஒரு நிழலைக் காட்டியே நம் குடலைக் கலக்கும் டைரக்டர், இவர்கள்தான் எனக்குக் குலதெய்வங்கள். ஜனங்களுக்கு யாராவது தமிழில் கதை சொல்ல வேண்டும் என்று மானேஜர் சொன்னதும், வேறு யார், நான்தான் என்று சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டேன்.

ஆனால் மைக் செட் மைக்கண்ணனுடையது. ஃபாக்டரியில் தேயிலை காய்கிற ட்ரையருக்கு விறகு போடுகிறவர் அவர். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் ஸ்பீக்கர் குழாய்தான் பாடும். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது 'டெஸ்டிங் ஒன் டூ த்ரீ' மட்டும். அதை வைத்துக்கொண்டு ஐந்து படத்தையும் நடத்திவிட்டார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட்டில், சனிக்கிழமை சாயங்காலம் முதல் காட்சி. திரையில் இரண்டு பேர் துப்பாக்கியோடு பாங்கைக் கொள்ளையடிக்க நுழைகிறார்கள். மைக்கண்ணன் தொண்டையைக் கனைத்தார். "இவங்க ரெண்டு பேரும் அந்தத் தோட்டத்துல முப்பது வருசம் வேல செஞ்சவங்க. பி.எஃப். காசு கேக்க வந்திருக்காங்க. தொரை, நாளைக்கு வான்னு சொல்றாரு. மனுசன் எத்தன நாளைக்குத்தான் நடக்கிறது?" ஷெட்டே விசில் அடித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மானேஜர் எழுந்து போய்விட்டார்.

கொலைப் படம் இதைவிட மோசம். கொலைகாரன் யார் என்பதைக் கடைசி நிமிஷம் வரை ஒளித்து வைக்க அந்த டைரக்டர் என்ன பாடுபட்டிருப்பார். நம் ஆள், அவன் திரையில் தலையைக் காட்டியதுமே, "இவன்தான் கொலைகாரன். நல்லா பாத்து வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். நான் பாய்ந்து போய் மைக்கைக் கையால் மூடினேன்.

"ஏனுங்க மைக்கண்ணே, படத்தோட உசுரே அதுலதானுங்க இருக்குது."

"சார், பொம்பளைங்க பகல் முச்சூடும் மழையில நின்னு கொழுந்தெடுத்துட்டு வந்து உக்காந்திருக்குதுக. அதுகள எதுக்கு இன்னும் பயமுறுத்தணும்? இப்பப் பாருங்க, நிம்மதியா பாக்குதுக."

நிஜமாகவே நிம்மதியாகத்தான் பார்த்தார்கள். சுவரில் அந்தப் பிரசித்தி பெற்ற நிழல் விழுந்தபோது ஒரு அம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

முத்தக் காட்சி வந்தால் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்து, "காதுல ரகசியம் சொல்றாரு" என்பார். ஒரு படத்தில் ரகசியம் கொஞ்சம் நீளம். கையில் சூடு ஏற ஏற, "இன்னும் சொல்றாரு, குடும்ப விசயம் போல" என்று நெளிந்தார். இடைவேளை விடுவது காட்டெருமையின் பொறுப்பு. ஷெட் வாசலில் அது வந்து நின்றால் படம் நிற்கும். அதற்கு எப்போது போகத் தோன்றுகிறதோ அப்போது மறுபடி ஓடும்.

ஐந்து படங்களில் ஒன்று என் உயிர். ஜனங்கள் அதற்கு ரயில் படம் என்று பேர் வைத்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகன், இனி வர மாட்டேன், எனக்காகக் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போகிறான். அவள் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். அழ மாட்டாள். கையுறையை மட்டும் மெதுவாகக் கழற்றுவாள். உலக சினிமாவில் அதற்கு ஈடாக ஒரு காட்சி கிடையாது என்று இன்றைக்கும் யாரோடும் சண்டை போடத் தயார். அந்த இடத்தில் மைக்கண்ணன் சொன்னது இது: "அழுவாத புள்ள, லீவு கெடச்சதும் வந்துருவேங்கிறாரு."

முன்வரிசையில் செல்வி என்று ஒரு பெண், கொழுந்தெடுப்பவள். அவள் புருஷன் முருகேசன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் எட்டு மாசமாகியிருந்தது. கடைசி மூன்று மாசமாகக் கடிதமும் இல்லை. அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று லைனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். வாரா வாரம் அவள் ரயில் படத்தையே போடச் சொல்வாள், மைக்கண்ணனும் போடுவார். ஒரு மகா கலைஞனின் கிளைமாக்ஸை இப்படி நாசம் பண்ணலாமா என்று நான் மானேஜருக்கு எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்களுக்கு லீவ் ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் மைக்கண்ணன், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்று சொல்லி மூன்று நாள் கோயமுத்தூர் போய்விட்டு வந்தார். வந்தவருக்குத் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சனிக்கிழமை கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து, "பேச ஏலாது சார்" என்று காற்றாகவே சொல்லி மைக்கை என்னிடம் நீட்டினார்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு பெருமை வந்ததில்லை. ரயில் படத்தை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். நல்ல கலைக்கு முதலில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கடைசிக் காட்சி வந்தது. ரயில் புகை விட்டது, அவன் உதடு அசைந்தது. இனி வர மாட்டேன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கிளார்க்கய்யா, என்னைக்கு வர்றதா சொல்றாருங்க?"

மொத்த ஷெட்டும் என் வாயைப் பார்த்தது. அந்த மகா டைரக்டரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "தீபாவளிக்கு வர்றேங்கிறாரு" என்றேன்.

மைக்கண்ணன் மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார். இல்லாத குரலை எங்கிருந்தோ இழுத்து, "தீபாவளிக்கு இல்ல, பொங்கலுக்கு. கிளார்க்கய்யாவுக்குச் சரியா விளங்கல. பொங்கலுக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இங்கிலீஷ் படித்தவன் நான். கொள்கையை விட்டு முதல் தடவையாக ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதில் தப்புக் கண்டுபிடிக்கிறார் இந்த மனிதர். ஜனங்கள் கலைந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தீபாவளியோ பொங்கலோ, எந்த நோம்பியா இருந்தா என்னங்க? எல்லாமே பொய்தானுங்களே?"

அவர் ரீலைச் சுற்றிக்கொண்டே கிசுகிசுத்தார். "தீபாவளிக்கு ஓவர்டைம் சார். பொங்கலுக்குத்தான் லீவு குடுக்கிறாங்களாம்."

"யாருக்குங்க?"

"முருகேசனுக்கு."

ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மனிதர் திருப்பூருக்குப் போயிருக்கிறார். எந்தக் கம்பெனி என்று தெரியாது. மூன்று நாளும் பனியன் கம்பெனி ஒவ்வொன்றின் கேட்டிலும் நின்று, உள்ளே ஓடுகிற மெஷின் சத்தத்துக்கு மேலே 'முருகேசா' என்று கத்தியிருக்கிறார். எத்தனையோ முருகேசன்கள் வெளியே வந்து திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசி நாள் நம் முருகேசன் வந்தான். வேறு குடும்பமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு ஊருக்கு வர வெட்கம், பணம் அனுப்பாமல் வெறும் கடிதம் போடவும் வெட்கம்.

"இத நேரா அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலாமுங்களே" என்றேன்.

"சொல்லலாம் சார். அவன் சொன்ன சொல்லுல நிக்கலன்னா? நான் சொல்லி அவன் வரலன்னா அந்தப் புள்ள ஒடஞ்சிரும். படத்துல சொல்லி வரலன்னா டைரக்டரத் திட்டிட்டுப் போவுது. அவருக்கென்ன, எங்கயோ தூரத்துல இருக்காரு."

பொங்கல் வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் படம் ஓடியது, ஒரு புகாரும் நான் கொடுக்கவில்லை. வருவானா மாட்டானா என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. திரையில் இருந்தவனைச் சொல்லவில்லை.

போகியன்று சாயங்கால பஸ்ஸில் முருகேசன் வந்து இறங்கினான். தோளில் ஒரு பை, பை நிறைய பனியன். செல்வி அழவும் அழுதாள், நாலு பேர் பார்க்க அவனைத் திட்டவும் திட்டினாள். மைக்கண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை. கோயில் மரத்தின் மேல் உட்கார்ந்து குழாய் கட்டிக்கொண்டிருந்தார். "மைக்கண்ணே, எறங்கி வந்து பாருங்க" என்று கீழேயிருந்து கூப்பிட்டேன். "தெரிஞ்ச கதைதானே சார்" என்றார். தொண்டை மறுபடியும் கம்மியிருந்தது.

நான் மலையை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. போன மாசம் டிவியில் அந்த ரயில் படம் போட்டார்கள். கடைசிக் காட்சியில் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து என் மனைவி பயந்துபோய் டிவியை அணைத்துவிட்டாள். பெரிய டைரக்டராம். இன்னும் ஒரு ரீல் எடுத்து அந்த மனிதனைத் திரும்பக் கூட்டிவர அவருக்கு மனசு வரவில்லை. எங்கள் மைக்கண்ணனாக இருந்தால் தொண்டை கிழியக் கத்தியாவது கூட்டி வந்திருப்பார்.