நானூற்றுத் தொண்ணூற்றாறாவது நாள்

அவன் ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். ஏழு மணிக்கு நடக்கப் போனான். எட்டரைக்குத் திரும்பிக் குளித்தான். தினமும் இப்படித்தான்.

இன்று கூடுதலாக ஒன்று இருந்தது. பத்து மணிக்கு மனைவிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. எட்டு மாதமாக அவளுக்கு வேலை இல்லை. இந்த இடத்தில் மூன்று சுற்று தாண்டியிருந்தாள். இது கடைசி.

அவன் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பவன். அங்கே கழித்துப்போட்ட சுவிட்ச் ஒன்றை வீட்டில் மாட்டியிருந்தான். ஹாலில் இருக்கும் மோடத்திலிருந்து இன்டர்நெட் அதற்குள் போய்த்தான் அறைகளுக்குப் பிரியும். இருபத்துநான்கு கேபிள் செருகலாம். வீட்டில் இருந்தது மூன்று. வைஃபையை அவன் நம்புவதில்லை.

ஒன்பது மணிக்கு, எதற்கும் ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று லேப்டாப்பில் சுவிட்சின் விவரத்தைத் திறந்தான். அது நிற்காமல் நானூற்றுத் தொண்ணூற்றாறு நாள் இருபத்துமூன்று மணி நேரம் ஓடியிருந்தது. அந்தப் பழைய சாஃப்ட்வேரில் ஒரு கோளாறு உண்டு. நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள் ஆனால் அப்படியே உறைந்துவிடும்.

சோபாவில் இருந்த மாமனார் என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னான்.

"ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா, கணக்கு முதல்லேருந்து ஆரம்பிக்காதா மாப்ளே?"

"ஆரம்பிக்கும் மாமா. ஆனா அது முறை இல்ல."

புது சாஃப்ட்வேர் ஏற்றுவதுதான் முறை. சுவிட்சில் இடம் போதவில்லை. பழையதை அழித்தான். புதியது பாதி ஏறும்போது லேப்டாப் தூங்கிவிட்டது. எழுப்பினான். திரையில் எதுவும் நகரவில்லை. பழக்கதோஷத்தில் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான்.

மாமனார் சொன்ன யோசனைதான். நேரம்தான் தப்பு.

சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் முழித்தன. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வீட்டில் இன்டர்நெட்டும் இல்லை.

மனைவி அறைக் கதவைத் திறந்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். சின்ன வேலைதான் என்றான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த நிலையில் இருக்கும் சுவிட்சுக்கு புது சாஃப்ட்வேரை வேறொரு கேபிள் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊட்ட முடியும். மாட்டினான். மீதி நேரம் ஐந்து மணி நாற்பது நிமிடம் என்று காட்டியது.

செல்போனை வைத்து ஒப்பேற்றலாம் என்றால், அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது குளியலறை ஜன்னலில் மட்டும். அங்கே நின்று அலுவலக சீனியரைக் கூப்பிட்டான். சீனியர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. பிறகு, மோடத்திலிருந்து நேராக அவள் லேப்டாப்புக்குக் கேபிள் போட்டால் என்ன என்று கேட்டார்.

இது அவனுக்குத் தோன்றவே இல்லை.

கேபிள் நாலடி குறைந்தது. ஒன்பது ஐம்பதுக்கு அறைக்குள் நுழைந்து, லேப்டாப்பை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, மேசையை ஹால் பக்கம் இழுத்தான். மாமனார் மேசையின் ஒரு காலைப் பிடித்தார். மேசை கதவு நிலையில் குறுக்காக மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அவள் உள்ளே. இவர்கள் இருவரும் வெளியே.

மாமனார் மூச்சு வாங்கினார். "மேசை எதுக்கு மாப்ளே? லேப்டாப் மட்டும் போதுமே."

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

"லேப்டாப்பை மேல குடு. நீ அடியில தவழ்ந்து வந்துரு," என்றான். "எட்டு மாசம் காத்திருந்தே. ஒரு மணி நேரத்துல கெடுத்துட்டேன்."

அவள் குனியவில்லை. மேசைமேல் சாய்ந்து, அவன் நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

"இன்டர்வியூ நீங்க நடக்கப் போயிருந்தப்ப, எட்டு மணிக்கே முடிஞ்சு, வேலையும் கிடைச்சாச்சு. உங்ககிட்ட மட்டும்தான் பத்துன்னு சொன்னேன்."