பதினேழாம் நம்பர் ஷெட்டைக் காப்பாற்றிய வரலாறு

உலகத்தில் முன்னேறிய நாடுகளெல்லாம் முதலில் தொழிற்சாலை கட்டின, பிறகு மூடின, மூடிய பிறகு டிக்கெட் போட்டு உள்ளே விட்டன. இந்த மூன்று படிகளையும் ஏற அவர்களுக்கு இருநூறு வருஷம் ஆயிற்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்பாறைப்பட்டி நாற்பதே வருஷத்தில் ஏறி முடித்துவிட்டது. அந்தச் சாதனையை நேரில் கண்டு, என்னாலான தொண்டையும் ஆற்றிவிட்டு வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் ராமசுப்பிரமணியன். அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு வருஷத்தில் எந்தக் கோப்பையும் நான் அவசரப்படுத்தியதில்லை. போன மாதம் திருமயத்திலிருந்து என்னையும் என் மனைவி சிவகாமியையும் சேர்த்து இருபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு 'பாரம்பரியத் தொழில் மாநகர்ச் சுற்றுலா' பஸ் கிளம்பியது. குளத்தூர் தாண்டி அரை மணி நேரத்தில் மாநகரம் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு ஷெட்டும் ஒரு டீக்கடையும் கொண்ட மாநகரம்.

வழிகாட்டி சூர்யபிரகாஷ் சுற்றுலாவிலேயே எம்.பி.ஏ. படித்த பிள்ளை. மைக் மாட்டிக்கொண்டு வரவேற்றார்.

"இது போல்ட் பண்ணின ஷெட் சார். அது நூல் சுத்தின ஷெட். இந்த மூணாவதுல என்ன பண்ணினாங்கன்னு யாருக்குமே தெரியல. விசிட்டர்ஸ் அங்கதான் ரொம்ப நேரம் நிக்கிறாங்க."

அடேயப்பா, என்ன பராமரிப்பு! ஒவ்வொரு எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், அன்றாடம் புது மாலை. வருஷம் முழுக்க ஆயுத பூஜை. பூஜைக்கு மறுநாள் எந்திரத்தை ஒரு சுற்றாவது ஓட்டிவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். அந்த மறுநாளே வராதபடி நிர்வாகம் திறமையாக ஏற்பாடு செய்திருந்தது.

அடுத்து 'வேலைநிறுத்த அனுபவம்'. வெயிலில் நின்று பத்து நிமிஷம் கோஷம் போட்டோம். கோரிக்கையை அவர்களே அச்சடித்துக் கொடுத்தார்கள். பத்தாவது நிமிஷம் நிர்வாகம் பணிந்து ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தது. நாங்கள் கேட்டதும் மோர்தான்.

மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ டக் டக்கென்று சுத்தியல் சத்தம். சூர்யபிரகாஷின் முகம் வாடிவிட்டது.

"சாரி சார். அது பதினேழாம் நம்பர். இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நாங்களும் சொல்லிப் பார்த்துட்டோம்."

எனக்கு ஆவல் தாங்கவில்லை. முன்னால் நடந்தேன், பஸ்ஸில் வந்த கூட்டமே பின்னால் வந்தது.

உள்ளே சொர்ணவல்லி என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், எரிந்துபோன போர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். கை பாட்டுக்குத் தாமிரக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செருகி, சுத்தியலால் தட்டியது. எதிரில் ஒரு சாக்கை விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். மோட்டாருக்குச் சொந்தக்காரர், கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி, பெயர் ஐயனார்.

"நாலு நாளா தண்ணி பாய்ச்சலைங்க. கடலை விழுது எறங்குற நேரம். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மோட்டாரு ஓடலைன்னா ரெண்டு ஏக்கரும் போச்சு" என்றார்.

"ரெண்டு மணிக்குள்ள கட்டிருவேன். அப்பறம் வார்னிஷ் ஊத்திக் காய வைக்கணும். சாயங்காலம் எடுத்துட்டுப் போங்க" என்றார் சொர்ணவல்லி, தலை நிமிராமல்.

எங்கள் கூட்டம் கைதட்டியது. எல்லா நிகழ்ச்சியிலும் இதுதான் தத்ரூபம் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் செல்போனோடு முன்னால் வந்தார்.

"அம்மா, ஆரம்பத்தை விட்டுட்டேன். கட்டினதை அவுத்துட்டு முதல்லேருந்து ஒருக்கா கட்டுறீங்களா?"

"அங்கிட்டு போயி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படியொரு பொக்கிஷம் கவனிப்பாரற்றுக் கிடப்பதா? நேரே வரவேற்பறைக்குப் போய்ப் பார்வையாளர் பதிவேட்டை வாங்கினேன்.

"என்னங்க, அந்தம்மா வேலை பார்க்குது. பேசாம வாங்களேன்" என்றாள் சிவகாமி. இலக்கியத்தரமான ஒரு மனு உருவாகும் நேரத்தில் அவள் எப்போதும் இப்படித்தான்.

இரண்டு பக்கம் எழுதினேன். 'மாநகரின் மகுடமே இக்கூடம். இதனை உள்ளது உள்ளபடியே, ஓர் அணுவும் பிசகாமல், உடனடியாகப் பாதுகாக்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்.' மற்ற இருபத்தைந்து பேரில் சிவகாமி நீங்கலாக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சூர்யபிரகாஷ் அதையும் ஷெட்டின் உள்பக்கத்தையும் படம் பிடித்து நிர்வாகத்துக்கு அனுப்பினார்.

சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பினால், ஆகா, என்ன வேகம்! பதினேழாம் நம்பர் வாசலில் சிவப்புக் கயிறு கட்டியாயிற்று. ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று. பாதி காயில் கட்டிய மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மேலே 'தொடாதீர்கள்' பலகை. சொர்ணவல்லி அம்மாளின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள்.

"பத்துலேருந்து அஞ்சு வரைக்கும் இங்கேயே உக்காரலாம்மா. கையில கம்பி வச்சுக்கங்க, சுத்த மட்டும் வேணாம்" என்று சூர்யபிரகாஷ் அன்பாக விளக்கிக்கொண்டிருந்தார்.

ஐயனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, அது என் மோட்டாருங்க. கட்டாட்டியும் பரவால்ல, குடுத்துருங்க. கந்தர்வகோட்டைக்காவது தூக்கிட்டுப் போறேன்."

"உள்ளது உள்ளபடின்னு மனுவுல இருக்குங்க அண்ணே. மோட்டாரைக் கொடுத்தா மனுவை மீறினதாயிடும். நீங்க வேணும்னா அந்தச் சாக்குலயே மறுபடியும் உக்காருங்க. போட்டோவுல நீங்களும் இருக்கீங்க."

ஐயனார் வெயிலைப் பார்த்தார். அப்புறம் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். இரண்டு ஏக்கர் கடலை அத்தோடு முடிந்தது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒரு மனுவுக்கு ஒரு மணி நேரத்தில் நடவடிக்கை என்பதை என் பணிக்காலம் முழுக்க நான் கண்டதில்லை. அந்தப் பெருமையோடு சொர்ணவல்லி அம்மாளிடம் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"நான்தாம்மா எழுதினது. இனி இந்த இடத்தை யாராலும் அசைக்க முடியாது."

அம்மாள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"இருவது வருசமா கரண்டை நிறுத்தினாங்க, வாடகையை ஏத்தினாங்க, நோட்டீஸ் மேல நோட்டீஸா ஒட்டினாங்க. எதுக்கும் நான் மூடலைங்க. நீங்க ஒருத்தர் வந்து பாராட்டினீங்க, மூடிருச்சு."