பன்னிரண்டு குடுவைகளின் வீரமரணம்

"மருந்து ஊற்றாத ஆறு குடுவைகள் என்ன ஆயின என்று சபைக்குச் சொல்லுங்கள் சார்."

இப்படி ஒரு கோரிக்கையை எங்கள் நிறுவனத்தில் எவரும் வைக்கக் கூடாது என்று நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். வைத்தேன். அதற்கு முன் நிறுவனத்தின் மாட்சிமையைச் சொல்லிவிடுகிறேன்.

உலக விஞ்ஞான வரலாறு இனி எங்களுக்கு முன், எங்களுக்குப் பின் என இரண்டு பாகமாக எழுதப்படும். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரு செம்மறியை நகலெடுத்ததாகப் பீற்றிக்கொண்ட அதே 1997இல், கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையின் பழைய கிடங்கில் நாங்கள் புற்றுநோயையே ஒழித்துவிட்டோம். இரண்டே நாளில். அதுவும் விடுமுறையில்.

இயக்குநர் முனைவர் பாலகோபால் ஒரு 'கொள்கை' வைத்திருந்தார். ஆனைமலைக் காட்டு மூலிகை ஒன்றின் சாறு, புற்றுச் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டும். முடிவு முதலில், சோதனை பிறகு என்பது அவருடைய ஆய்வு முறை. சோதனை, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த என் பொறுப்பு. சத்தியமங்கலத்துப் பக்கம் கரும்பு வெட்டுகிற வீட்டின் முதல் பட்டதாரி, சொன்னதைச் செய்வாள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். தேர்வு கொஞ்சம் பிசகிவிட்டது.

பன்னிரண்டு குடுவைகளில் செல்களை வளர்த்தேன். ஆறில் சாறு, ஒப்பிட்டுப் பார்க்க ஆறில் வெறும் தண்ணீர். உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே செவ்வந்தி மாலை. உள்ளே ஒன்றுமில்லை. குடுவைகள் ஜன்னல் திட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

ஆலையில் முப்பது வருடம் எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுவிட்டு எங்களிடம் உதவியாளராக வந்தவர் திருமலைசாமி. அவரைக் கேட்டேன்.

"ஏனுங்க, பெட்டியை எதுக்கு நிறுத்துனீங்க?"

"பூசையன்னைக்கு மெசினை ஓட உடலாமுங்களா அம்மணி? உள்ளார எல்லாங் கழுவித் தொடச்சு, சாம்பிராணி காமிச்சுப்போட்டனுங்க. மொதலாளிக்கு ரொம்பச் சந்தோசமுங்க."

"குடுவைக்குள்ள உசுரு இருந்துச்சுங்க."

"அடக் கடவுளே! அதுகளுக்கும் பொட்டு வெச்சனுங்களே!"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நோட்டில் எழுதினேன்: பன்னிரண்டும் சாவு. காரணம், வெயில்.

இயக்குநர் படித்தார். முகம் மலர்ந்தது.

"மருந்து ஊத்துனது எத்தனை?"

"ஆறுங்க சார்."

"அதுல செத்தது?"

"ஆறு."

"நூத்துக்கு நூறு! விஞ்ஞானின்னா தேவையானதை மட்டும் பாக்கோணும், அம்மணி."

"தண்ணி ஊத்துன ஆறுங்கூடச் செத்துப்போச்சுங்க. அப்பப் பச்சைத்தண்ணியும் புத்துநோய்க்கு மருந்துங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "அது அடுத்த கட்டுரைக்கு ஆகும்."

இந்த ஞானத்தைக் கொண்டாடத்தான் கூட்டம். ஆலை முதலாளி சீனிவாசலு தலைமை தாங்கினார். இயக்குநர் திரையில் ஆறு பிணங்களைக் காட்டினார். கைதட்டல். பிறகு, ஆலையில் நூல் சுற்றும் வெங்கடம்மாளை மேடைக்கு முன்னால் உட்காரவைத்து அறிவித்தார்: "இவங்களுக்கு மார்புல கட்டி. பெரியாஸ்பத்திரியில ஆப்பரேசன்னு சொல்லியிருக்காங்க. தேவையில்லை! நாளையிலிருந்து நம்ம சாறுதான்." இன்னும் பலத்த கைதட்டல். அந்த அம்மாளும் தட்டினார்.

அப்போதுதான் எழுந்து, மருந்து ஊற்றாத அந்த ஆறு குடுவைகளைப் பற்றிக் கேட்டேன்.

இயக்குநர் இறங்கி வந்து, பல்லைக் காட்டியபடியே என் காதில் பேசினார். "கட்டுரையில உன்ற பேரைத்தான் மொதல்ல போட்டிருக்கேன் கண்ணு. உங்க ஊட்டுல யாரு பேராச்சும் அச்சுல வந்திருக்கா? பேசாம உக்காரு."

"வந்ததில்லீங்க. மொத மொத வர்றது பொய்யில வர வேண்டாமுங்க."

"வெளிய போனா அப்புறம் டாக்டர் பட்டத்தை மறந்துபோடு."

"தெரியுமுங்க. ராஜினாமாவைக் காலையிலயே உங்க மேசையில வெச்சுப்போட்டேன்."

வெங்கடம்மாளிடம் போனேன். "அக்கா, ஆஸ்பத்திரியில என்னைக்கு வரச் சொன்னாங்க?"

"இன்னைக்குச் சாயங்காலம் வந்து சேரோணும்னாங்க கண்ணு. ஐயாதான் வேண்டாமுன்னுட்டாரு."

"அந்தச் சாறு ஒண்ணுமே பண்ணலீங்க. செல்லெல்லாம் வெயில்ல செத்துச்சு. எந்திரிங்க, நானுங்கூட வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டார்.

"அன்புச்செல்வி!" என்று சீனிவாசலு மேடையிலிருந்து அதட்டினார். "பெரிய மனுசங்க சபையில என்னம்மா இது? அந்தக் கொள்கையாச்சும் உனக்கு வெளங்குச்சா?"

வாசலில் நின்று பதில் சொன்னேன்.

"நல்லா வெளங்குச்சுங்க. கெட்டுப்போன செல்லு, ஒடம்பு பொழைக்கட்டும்னு தானா ஒதுங்கிச் செத்துப்போகும். ஒதுங்காம, பக்கத்துல இருக்கறதத் தின்னு, தன்னாட்டமே பத்து உண்டாக்கிப்போட்டு வளருது பாருங்க, அதுக்குப் பேருதான் புத்துநோய். இங்க அதைப் பாக்க மைக்ராஸ்கோப்பே வேண்டாமுங்க, மேடையைப் பாத்தாப் போதும்."

வெங்கடம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.