கால் மட்டும் மிஞ்சிய மயில்

கல்லிடைக்குறிச்சி,
12.7.2021

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மகாராஜா மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகளும், சென்ற புதன்கிழமை வரை தங்கள் முதலீட்டு ஆலோசகருமாக இருந்த தனலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நலம் என்றால், அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு இருபது நாள் ஆகிறது, வாசனை மட்டும் இன்னும் திரும்பவில்லை, அதனால் அம்மா எந்தக் குழம்பு வைத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார், ஆகவே அம்மாவும் நலம். கோயம்புத்தூரில் தாங்களும் அத்தையும் ஸ்னேகா அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். இக்கடிதத்தை பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு வாசிக்கவும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனை அம்மா செவ்வாய்க்கிழமை கழுவிவிட்டாள். துடைத்தாள் என்று எழுதவில்லை மாமா, கழுவினாள் என்றே எழுதியிருக்கிறேன். அது இப்போது அரிசிப் பானைக்குள் இருக்கிறது. என் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடமும் அதற்குள்தான் இருக்கிறது.

நடந்த எல்லாவற்றுக்கும் மூல காரணம் என் வாசிப்புப் பழக்கம். போன வருஷம் ஊரடங்கு தொடங்கியபோது, காகிதத்தின் மேல் கிருமி சில நாட்கள் தங்கலாம் என்று பேப்பரில் வந்ததை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டியவள் நான். அம்மா கத்தியை வைத்துவிட்டு, "காயிதத்துலயுமாட்டி இருக்கும்?" என்று கேட்டாள். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில், பிளேக் காலத்தில் கடிதங்களைப் புளித்த காடியில் முக்கியெடுத்துத்தான் கொடுப்பார்களாம், அந்தக் கடிதங்களுக்கு இன்று சேகரிப்பவர்களிடம் நல்ல விலையாம் என்று நூலகப் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஓர் அண்டா முளைத்தது. மஞ்சள், வேப்பிலை, கல் உப்பு. பால் பாக்கெட், கத்தரிக்காய், பத்து ரூபாய் நோட்டு, ரேஷன் கார்டு, எது வாசற்படி தாண்டினாலும் அதில் ஒரு முழுக்கு. காகிதத்தால் பரவுவது அபூர்வம் என்று பின்னால் பேப்பரிலேயே வந்தது. அதையும் வாசித்துக் காட்டினேன். "மொதல்ல சொன்னதுதான் கணக்கு, பேப்பர்காரன் நாளுக்கு ஒண்ணு சொல்லுவான்" என்றுவிட்டாள் அம்மா. போதாததற்குத் தங்கள் வீட்டு அத்தையும் அம்மாவிடம் போனில் செய்முறை கேட்டு, அங்கே ஒரு பக்கெட் வைத்திருப்பதாக அறிந்தேன்.

அடுத்து என் ஆலோசனைகளுக்கு வருகிறேன். விமானக் கம்பெனியில் தாங்கள் வாங்கிய பங்குகள் போன வருஷம் தரை இறங்கியபோது, "ஏ தனம், இனி எதை நம்பட்டும்?" என்று விளையாட்டாகக் கேட்டீர்கள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஜனங்கள் எல்லாரும் பரணில் கிடக்கும் பழைய பெட்டிகளைத் திறப்பார்கள், சேகரிக்கும் ஆசை கூடும், ஆகவே எங்கள் வீட்டு பீரோவில் தாங்கள் பத்திரமாக வைத்துவிட்டுப் போன தபால்தலை ஆல்பம் விலை ஏறும் என்று சொன்னேன். ஏறியது மாமா. என் வாழ்க்கையில் நான் சொல்லி நடந்த ஒரே விஷயம் அதுதான். அதில் தலைகால் புரியாமல் போய்விட்டது எனக்கு. மதுரையிலிருந்து தபால்தலை வியாபாரி அருமைநாயகம் அண்ணாச்சி தங்கள் மயில் தலைக்கு மட்டும் நாற்பதாயிரம் தருகிறேன் என்றபோது, "கொடுக்காதீங்க மாமா, ரெண்டாவது அலை வரட்டும், இன்னும் ஏறும்" என்றேன். பாபநாசம் அணையை எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கும் விவசாயி மாதிரி ஒரு கொள்ளை நோய்க்குக் காத்திருந்தேன். அதுவும் வந்தது. நேரே எங்கள் வீட்டுக்கு, அப்பாவைத் தேடித்தான் வந்தது. அப்பா மூச்சு வாங்கிய அந்த நாலு நாளும் நான் விலைவாசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போனில் பேசியது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ஓட்டலில் பாதிச் சம்பளம்தான் தருகிறார்கள், ஸ்னேகா அக்காவுக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, மாதக் கடைசிக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் இடம் போய்விடும், அருமைநாயகம் அண்ணாச்சி இப்போது மயிலுக்கு ஐம்பத்தையாயிரம் சொல்லுகிறார், ஆல்பத்தைக் கட்டி அனுப்பு என்றீர்கள். கட்டி அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஆனால் அரசாங்கம் பரீட்சை வைக்காமலே ஒன்பதாம் வகுப்பில் பாஸ் போட்ட பிள்ளைக்கு, எப்படியாவது அறிவை எங்காவது காட்டவேண்டும் என்று இருக்காதா? பக்கம் பக்கமாகக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, விலைப்பட்டியல் தயாரித்து, பைண்ட் செய்து தங்களை அசத்தலாம் என்று புதன்கிழமை ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் கடை செல்லக்கிளி அக்கா, "ஏட்டி, பழைய ஸ்டாம்புக்கு எதுக்குக் கலர்ல காப்பி எடுக்க? வெட்டி ஒட்டி ஏமாத்தப் போறியோ?" என்றாள். "இது முதலீடு அக்கா" என்றேன். "அப்பம் பைய நடந்து போ. முதலீடு சாக்கடையில விழுந்துராம."

சாக்கடையில் விழவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு தலைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வரை வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவ வேண்டுமே என்று ஆல்பத்தை அம்மா கையில் கொடுத்தேன். மாமா, அம்மா கையில் கொடுத்தேன். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் 'பொளக்' என்று ஒரு சத்தம்.

"அம்மா! அது மாமா ஆல்பம்!"

"மாமா ஆல்பமா இருந்தா? கடைக்குப் போய்ட்டு வந்துச்சா இல்லையா?"

"அது லச்ச ரூபா பெறும்மா!"

"ரூவா நோட்டையே முக்குதேன். அதை விட ஒசத்தியாட்டி இது?"

அண்டாவில் கைவிட்டுத் துழாவினேன். தேசத் தலைவர்கள், ரயில் எஞ்சின்கள், தாமரைகள், செயற்கைக்கோள்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மஞ்சள் நீராட்டு. தங்களுக்குத் தெரியாததல்ல, உபயோகிக்காத தபால்தலையின் மதிப்பு அதன் முதுகில் இருக்கிறது. பசை போனால் பாதி விலை போனது. எங்கள் அண்டாவில் பசை மட்டும் போகவில்லை, ஒருவர் முதுகிலிருந்து கரைந்து இன்னொருவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா வந்து பார்த்தார். "பதறாத பிள்ள. காயப் போடுத வேலையில எனக்கு இருவது வருசப் பழக்கம்" என்று சொல்லி, மாடியில் அப்பளம் காயும் வேட்டியிலேயே ஓர் ஓரமாக எல்லாத் தலைகளையும் வரிசையாகப் பரப்பினார். பரப்பியதில் குறையே சொல்ல முடியாது, அச்சு அசலாக அப்பளம் போலவே பரப்பியிருந்தார். பதினைந்து நிமிஷத்தில் சாரல் வந்தது. எங்கள் ஊர்ச் சாரல்தான் தெரியுமே, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து இறங்கிவிடும். அப்பா ஒரு முனை, அம்மா ஒரு முனையாக வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். பிரித்து எண்ணினால் இருநூற்று எழுபத்தெட்டு. மிச்சம் முப்பத்து நாலு எங்கே என்று வீடெல்லாம் தேடினேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டில் தெரிந்தது. அப்பாவின் இலையில் பொரிந்திருந்த அப்பளத்தின் நடுவே ஒரு நீராவி எஞ்சின் உப்பி நின்றது. "அப்பா, நிப்பாட்டுங்க!" என்று நான் கத்துவதற்குள் பாதி எஞ்சின் உள்ளே போய்விட்டது. "மொறுமொறுன்னு நல்லாத்தான இருக்கு" என்றார். வாசனை தெரியாத மனுஷரிடம் என்ன சொல்ல? அந்த வேட்டி அப்பளம் இருபது கட்டு ஏற்கெனவே அம்பாசமுத்திரம் கடைகளுக்குப் போய்விட்டது. அங்கே யாராவது செயற்கைக்கோளைக் கடித்துவிட்டுப் புகார் சொல்லி வருவார்களோ என்று அப்பா நாலு நாளாகக் கடைத்தெருப் பக்கம் போகவில்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்திருப்பீர்கள். கையை எடுங்கள் மாமா. நல்ல சேதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மயில் பிழைத்துவிட்டது! நீல மை விழாமல் அச்சாகி, மயிலே இல்லாமல் இரண்டு காலும் கொஞ்சம் புல்லுமாக நிற்கிற அந்த ஐந்து ரூபாய்த் தலையை, தினமும் பார்த்து ரசிப்பதற்காக ஆல்பத்திலிருந்து எடுத்து என் ஜாமெண்ட்ரி டப்பாவில் தனியாக வைத்திருந்தேன். தங்களைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். என் தப்புகளில் உருப்படியான ஒரு தப்பு அது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, முதுகில் பசை முழுசாக இருக்கிறது. நாளைக் காலை அட்டை வைத்துக் கட்டி, பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன். அதைப் போய்ச் சாதாரணத் தபாலில் அனுப்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஐம்பத்தையாயிரம் வந்ததும் ஸ்னேகா அக்காவின் தவணையைக் கட்டிவிடுங்கள். இனிமேல் எதை விற்க, எதை வைத்திருக்க என்று என்னிடம் கேட்கவேண்டாம். நானாகச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளவேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கங்கள். ஸ்னேகா அக்காவுக்கு ஊசி போடப் பழக ஆள் வேண்டுமென்றால் என் கையை நீட்டுகிறேன் என்று சொல்லவும். அப்பா தங்களுக்கு ஐந்து கட்டு அப்பளம் எடுத்து வைத்திருக்கிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சோதித்தது. தங்கள் குடும்பம் நோய் நொடி இல்லாமல், பாதிச் சம்பளம் முழுச் சம்பளமாகி, நூறாண்டு வாழ வாசலில் நின்று வேண்டும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
தனலட்சுமி

பின்குறிப்பு (உறையின் பின்பக்கத்தில், தபால் ஆபீஸ் கவுண்டரில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பொடி எழுத்துக்கு மன்னிக்கவும்): மாமா, உறையை ஒட்டி அம்மாவிடம் கொடுத்து, அப்பா மேசையில் இருக்கிற புது ஐந்து ரூபாய் ஸ்டாம்பை ஒட்டச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஜாமெண்ட்ரி டப்பாவில் புது ஸ்டாம்பு பளபளவென்று இருக்கிறது. "உன் டப்பாவுல மயிலு அழிஞ்ச பழசு ஒண்ணு சும்மா கெடந்துச்சு. புதுசை எதுக்கு வீணாக்கணும்னு அதை ஒட்டித் தபாலுக்குக் குடுத்து விட்டேன். பசை பத்துமோ பத்தாதோன்னு சோத்துப் பருக்கை வேற வச்சுத் தேச்சிருக்கேன்" என்கிறாள் அம்மா. ஈரத்தலையோடு ஓடி வந்தேன். கவுண்டரில் மணிராஜ் அண்ணாச்சி சீல் அடித்துவிட்டார், சரியாக இரண்டு கால் மேலும். திருப்பிக் கேட்டால், "சீல் விழுந்தா சர்க்கார் சொத்துட்டி. வேணும்னா பின்னால எழுதிக்கோ" என்கிறார். பிழையாக அச்சான தலை, நிஜமாகவே தபாலில் போய் வந்த உறையோடு கிடைத்தால் அது இன்னும் அபூர்வம் என்று நூலகப் புத்தகத்தின் 41ஆம் பக்கத்தில் இருக்கிறது. என்னை நம்பவேண்டாம், அருமைநாயகம் அண்ணாச்சியைக் கேளுங்கள். உறையைக் கிழிக்காமல் ஓரமாகப் பிரியுங்கள். அத்தை கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இந்த வரியை ஈரமாக வாசிக்கிறீர்கள் என்றால், பிளேக் காலக் கடிதத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை மாமா, நூறு வருஷம் மட்டும் விற்காதீர்கள்.